அஞ்சோட நிறுத்து

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை நதியா முந்தானையால் துடைத்தாள். அப்பாவின் முகம் தெரிந்தது. தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. துடைத்த இடத்தில் மறுபடியும் ஈரம் புகைபோலப் படர்ந்தது.

"விடுத்தா. அது அப்படித்தேன்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மாயக்காள்.

முந்தின நாள் மத்தியானம் வயலுக்கு உரம் போட்டுவிட்டு வந்த முத்துவீரன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது. நதியா கொச்சியிலிருந்து கார் பிடித்துக் குமுளி மலை இறங்கி அனுமந்தன்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் ஒருவரும் அவளிடம் பேசவில்லை. இரண்டு பக்கமும் முழங்கால் இடிக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலை நீட்ட இடமில்லை. வாசலை மறித்து ஆண்களின் நாற்காலிகள். சாம்பிராணிப் புகை வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஏன் பேசவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மேற்கு மலையில் எந்த அளவு நில அதிர்வு, எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் வரலாம் என்று கணக்கிடும் குழுவில் அவள் வேலை பார்த்தாள். "எம்மக பூமி ஆடுறதைக் கணக்குப் போடுறா" என்று அப்பா டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் குழுவின் அறிக்கை வரப்போகிறது என்று பேப்பரில் செய்தி வந்த நாளோடு அது நின்றுபோனது. அறிக்கையில் அணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் அணை நிற்பது அந்த மலையில்தான். அதன் தண்ணீரில்தான் இந்தப் பள்ளத்தாக்கு நெல் விளைவிக்கிறது. தண்ணீருக்காக மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் நடந்த ஒவ்வொரு மறியலிலும் பச்சைத் துண்டோடு ரோட்டில் உட்கார்ந்தவர் முத்துவீரன்.

பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டார்.

"எம்புட்டுப் பெருசு வரும்னு எழுதப் போறீக?"

"அப்படி ஒண்ணை மட்டும் எழுத மாட்டோம்ப்பா. சின்னது அடிக்கடி வரும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. அளவுல ஒரு படி ஏறினா வர்றது பத்துல ஒரு பங்கா கொறைஞ்சிரும். அஞ்சு அளவு அபூர்வம். ஆறு அதைவிட அபூர்வம்."

"அபூர்வம்னா வராதுன்னுதான?"

"வராதுன்னு இல்லப்பா."

"அப்ப ஏழு, எட்டுன்னு போய்க்கிட்டே இருக்குமா?"

"இல்ல. அந்த மலைக்கு இதுக்கு மேல வராதுன்னு ஒரு இடத்துல கோடு போட்டு நிறுத்திருவோம்."

"எந்த இடம்னு யாரு முடிவு பண்றது?"

"நாங்கதான். நானும் அதுல ஒரு ஆளு."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்ப அஞ்சோட நிறுத்திரு தாயி."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"வெளாட்டுக்குச் சொல்லல. ஆறுன்னு நீ எழுதுனா மலைக்கு அந்தப் பக்கத்துக்காரவுக அதைத் தூக்கிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவாக. அணையில தண்ணியக் கொறைன்னுவாக. ரெண்டாம் போகம் அதோட போச்சு. நீ படிச்சது அந்தத் தண்ணியிலதான்."

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்கவுகளும் மனுசங்கதானப்பா. தரவுல இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும்."

பாதிச் சோறு மீதி இருக்க, அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அவளை பஸ் ஏற்றிவிட வரவில்லை. அதற்குப் பிறகு அவள் போன் செய்தால், பேசாமல் மாயக்காளிடம் கொடுத்துவிடுவார். அறிக்கையில் அந்தக் கோடு ஆறைத் தாண்டித்தான் நின்றது. அவளும் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் நாற்காலிகள் நகர்ந்தன. விவசாயிகள் சங்கத் தலைவர் தவசி மாலையோடு உள்ளே வந்தார். அப்பாவோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர். பெட்டியின் மேல் மாலையை வைத்து, சங்கத்தின் பச்சைத் துண்டை விரித்தார். சத்தம் வராமல் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு நதியாவின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தாயி, வெளிய இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம். நீயும் ரெண்டு வார்த்தை பேசணும். டிவிக்காரவுகளும் வந்திருக்காக."

"என்ன மாமா பேச?"

"பெருசா ஒண்ணும் வேணாம். அஞ்சுக்கு மேல வராதுன்னு ஒரு வார்த்தை. உங்கப்பன் கேட்டுக்கிட்டே போகட்டும்."

சுற்றிலும் ஒப்பாரி நின்றிருந்தது.

"இப்ப வேணாம் மாமா."

"இப்ப விட்டா எப்பத்தா?"

அவர் எழுந்து போனதும் தம்பி விஜயகுமார் வந்து குனிந்தான். மொட்டைத் தலையில் தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"யக்கா, சொல்லிரு. நீ நாளைக்குக் கொச்சிக்குப் போயிருவ. நான் இங்கனதான் இருக்கணும். இவுக கூடத்தான் தண்ணி முறைக்கு நிக்கணும்."

"சொல்லிட்டா அது உண்மையாயிருமாடா?"

"உண்மையை யாரு கேட்டா?" என்றான். "அப்பாவத் தூக்க ஆளு வேணும்க்கா."

நதியா அம்மாவைப் பார்த்தாள். மாயக்காள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீயாச்சும் சொல்லு."

"உம்மேல கோவமாத்தான் போனாக," என்றாள் மாயக்காள். "இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

நதியா எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. பெண்களின் தோள்களைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. தவசி மைக்கை நீட்டினார்.

"எங்கப்பா எங்கிட்ட ஒண்ணு கேட்டாக," என்றாள். ஒலிபெருக்கியில் தன் குரல் தெருமுனை வரை போய்த் திரும்புவது கேட்டது. "எல்லாருக்கும் அது தெரியும். பெருசு வந்துரும்னு நான் சொல்லல. ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா வரவே வராதுன்னு சொல்ல என்னால முடியாது. உசிரோட கேட்டப்ப முடியாதுன்னுட்டு, இப்ப..."

ஒருவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். பின்னால் சிலர் போனார்கள். தவசி அவள் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். உள்ளே போய்ப் பெட்டியின் மேலிருந்த பச்சைத் துண்டை எடுத்து மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

கொட்டு ஆரம்பித்தது. குளிப்பாட்டிக் கோடி போட்டு, அப்பாவைப் பாடைத் தேரில் வைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் எதிர்ச்சுவர் ஓரமாக நின்றார்கள். விஜயகுமார் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நிற்க, பங்காளிகள் மூன்று பேர் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்கள். பின்பக்கத்தில் ஒரு மூலைக்கு ஆளில்லை. தேர் சாய்ந்தபடி தரையிலேயே இருந்தது. கொட்டுக்காரர்கள் அடித்ததையே திரும்ப அடித்தார்கள்.

தவசி நடந்து வந்தார். நதியாவைத் தாண்டித்தான் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த மூலையைத் தூக்கினார்.

தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். தேர் திரும்பி மறைந்த பிறகும் நதியா நின்றாள். யாரோ அவள் கையைப் பிடித்து வீட்டுக்குத் திருப்பினார்கள்.

கொல்லைச் சிமெண்டுத் தொட்டியைச் சுற்றிப் பெண்கள் கட்டிய சேலையோடு குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் காலியாவதற்காக நதியா ஓரமாகக் காத்திருந்தாள். தவசியின் மனைவி மொக்கம்மாள் நிறைகுடத்தோடு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"குனி."

நதியா குனிந்தாள். பிடரியில் மொக்கம்மாளின் கை அழுந்தியது. தண்ணீர் தலையில் இறங்கி, கண்ணையும் மூக்கையும் மூடியது. மூச்சு விட வாயைத் திறந்தபோது வாய்க்குள்ளும் போனது. அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மொக்கம்மாள் அடுத்த குடத்தை வாங்கினாள். பிடரியில் இருந்த கை அப்படியே இருந்தது.