கார்டு எடுக்கும்

ஃபாரம் நிரப்புவதில், மலையாளச் சீமையில் இருக்கும் வலியசாலைத் தெருவில் ஸ்ரீனிவாசனை மிஞ்ச ஆள் கிடையாது. வரியோ பென்ஷனோ பாஸ்போர்ட்டோ, தெருவில் எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் மனைவி சூடாமணியின் முழங்கால் விஷயத்தில் ஏமாந்தார் என்றால், ஏமாற்றியது வேறு யாருமில்லை, அவருடைய தலைக்கனம்தான்.

சூடாமணிக்கு இரண்டு மூட்டும் தேய்ந்துபோயிருந்தது. இரண்டையும் மாற்ற வேண்டும், நடுவில் மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும் என்றார் டாக்டர் ஜெயந்த். ஸ்ரீனிவாசன் கணக்குப் போட்டார். ஜனவரியில் இடது, ஏப்ரலில் வலது. மே கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். வேலை பார்த்த இடத்தில் கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸும் அன்றோடு சரி. அதற்குள் இரண்டு காலும் நேராகிவிடும்.

அட்மிஷனுக்கு முதல் நாள் சூடாமணி இன்ஷூரன்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏன்னா, இந்த ஆஸ்பத்திரி அவா லிஸ்டிலே உண்டோன்னு இந்த நம்பர்லே ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"எல்லாம் கேட்டாச்சு. நீ பேசாம இரு."

கேட்டது என்னவோ நிஜம்தான். ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்று, "கார்டு எடுக்குமோ?" என்றார். "எடுக்கும் சார்" என்றாள் அங்கிருந்த பெண். அவர் மனசில் இருந்தது இன்ஷூரன்ஸ் அட்டை. அவள் மனசில் இருந்தது பாங்க் கார்டு தேய்க்கிற மெஷின். மலையாளத்தில் ஏற்றுக்கொள்வதற்கு எடுக்கும் என்றுதான் சொல்வது; அதுவும் எடுக்கும், இதுவும் எடுக்கும். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையிலும் புழங்குகிறவருக்கு, எந்தக் கார்டு என்று சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை. அட்டையை டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கொடுத்தால் போதும் என்றும் அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பெண் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தக் கம்பெனி இங்கே இல்ல சார்." முழுப் பில்லையும் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. வலது காலுக்கும் அவசரத்துக்கும் என்று வைத்திருந்த டெபாசிட் அதில் கரைந்தது. லிஸ்டில் இல்லாத ஆஸ்பத்திரி என்பதால், கெஞ்சிக் கூத்தாடி மார்ச்சில் இன்ஷூரன்ஸிலிருந்து வந்து சேர்ந்தது மூன்றில் ஒரு பங்குதான்.

"இன்ஷூரன்ஸே தட்டிப்பு, சுத்த ஏமாத்து. கம்பெனிக்காரன் நம்மளைச் சதிச்சுட்டான்" என்றார் மனைவியிடம். தெருவிலும் அதையே சொன்னார். கவுன்டரில் கேட்ட கேள்வியைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. அந்த நம்பருக்கு இனி போன் செய்வதாவது என்று வீம்பாக இருந்துவிட்டார். சூடாமணி அவர் சொன்னதை நம்பினாள். ஏப்ரல் போயிற்று, மேயும் போயிற்று.

ஜூலையில் செக்கப்புக்குப் போனார்கள். டாக்டர் இடது முழங்காலை மடக்கிப் பார்த்து சந்தோஷப்பட்டார். "மத்த கால் எப்போ?"

"அது இப்போ வலிக்கலை டாக்டர்" என்றாள் சூடாமணி.

சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போகிறவள் சொல்கிற பேச்சா இது? ஸ்ரீனிவாசனால் தாங்க முடியவில்லை. "வலிக்கறது டாக்டர். பணம் இல்லேங்கறதாலே பொய் சொல்றா. இன்ஷூரன்ஸ்காரன் கைவிட்டுட்டான்."

"ஏது கம்பெனி?"

ஸ்ரீனிவாசன் பெயரைச் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாரே, செவ்வாயும் வெள்ளியும் நான் வேறொரு ஆஸ்பத்திரியிலல்லோ ஆபரேஷன் பண்றது. அங்கே இந்தக் கம்பெனி உண்டு. கையிலேர்ந்து பெரிசா ஒண்ணும் கொடுக்க வேண்டி வராது. பாலிசி இப்பவும் உண்டல்லோ?"

"மே மாசத்தோட தீர்ந்துது."

அதே டாக்டர், அதே கை. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இடதோடு வலதும் முடிந்திருக்கும். ஸ்ரீனிவாசனுக்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்கவே வெட்கமாக இருந்தது.

"சூடா, கம்பெனி சதிக்கலை. கவுன்டர்லே நான்தான் சரியா கேட்கலை. அது அன்னிக்கே எனக்குத் தெரியும்."

சூடாமணி புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இதை மார்ச்சிலே சொல்லியிருந்தேள்னா, வேற எந்த ஆஸ்பத்திரின்னு நானாவது கேட்டிருப்பேனே."