ஒன்பதாவது நீதிபதி

பாரிஸுக்கு வெளியே, தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றில் படப்பிடிப்பு நடந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன் மதநீதிமன்றம் விசாரித்து எரித்துக் கொன்ற ஒரு கன்னிப்பெண்ணின் கதை. பேசாத படம். அன்செல்முக்கு ஒன்பதாவது நீதிபதி வேஷம். நாடகங்களில் துண்டுவேஷம் போட்டுப் பிழைப்பவன் அவன்.

கதையில் நீதிபதிகள் எல்லோரும் பாதிரிகள் என்பதால் நிஜமாகவே உச்சந்தலையை வழித்துவிட்டார்கள். முகப்பூச்சு கிடையாது. தெருவில் கறிக்கடைக்காரி அவனை விடவில்லை. "என்ன சாமியாரே, எனக்கு எப்ப பாவமன்னிப்பு குடுக்கப்போறீங்க?"

"சனிக்கிழமை வா," என்றான். சிரிப்பு வரவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

இயக்குநருக்கு அந்த முகம்தான் பிடித்திருந்தது. "நீங்க ஒண்ணும் நடிக்க வேண்டாம்யா. இப்படியே உக்காருங்க, போதும்."

கைதிப் பெண்ணாக நடித்தவள் சொலாஞ்ஜ். அவள் தலையை மொட்டையடித்த அன்று விளக்குப் பிடித்த முரடர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். அன்செல்ம் தரையில் விழுந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

தீர்ப்புக் காட்சி வந்தது. கேமரா அவன் முகத்துக்கு ஒரு முழத்தில். அதன் பக்கத்தில் முக்காலியில் சொலாஞ்ஜ்.

"அவளைப் பாத்து 'குற்றவாளி'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்," என்றார் இயக்குநர்.

சொன்னான். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். பதினோரு தடவை சொன்னான். பன்னிரண்டாவது தடவை வாய் திறந்தபோது வேறு வார்த்தை வந்தது.

"குற்றமில்லை."

சொலாஞ்ஜ் நிமிர்ந்து பார்த்தாள். "இதுதான்! இதுதான் வேணும்!" என்று இயக்குநர் கைதட்டினார். கேமராவின் கடகடப்பில் அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

மத்தியானம் அவள் ரொட்டியும் சூப்புமாக அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"தெரியல மேடம்."

"தெரியாம அந்த வார்த்தை வராது."

சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னான். "யுத்தத்துல நான் சின்ன அதிகாரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம் ராணுவ விசாரணையில அஞ்சு பேர் உக்காந்தோம். கொரந்தேன்னு மேற்குக் கடலோரத்து பிரெத்தோன் பையன் ஒருத்தன். காவல் இடத்த விட்டு ஓடிட்டான்னு வழக்கு. அவனுக்கு வீட்டுல வேற பாஷை, நம்ம பிரெஞ்சு பாதிதான் புரியும். கேட்டதுக்கெல்லாம் 'ஆமாங்க, ஆமாங்க'ன்னான். ஓட்டு கீழ்ப்பதவியிலேருந்து ஆரம்பிக்கும். நான்தான் மொதல்ல சொன்னேன்."

"என்னன்னு?"

"இன்னிக்கு பதினோரு தடவ சொன்னதத்தான். மூணுக்கு ரெண்டு. மறுநாள் காலையில சுட்டுட்டாங்க."

"நீங்க மாத்திச் சொல்லியிருந்தா?"

"பொழைச்சிருப்பான்."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "இன்னிக்குச் சொல்லிட்டீங்க. இப்ப பாரம் எறங்கிச்சா?" என்றாள்.

அவன் நேர்மையாக உள்ளே தேடிப் பார்த்தான். "இல்ல மேடம். ஒண்ணும் இல்ல."

"நான் கேட்டேன்யா. நீங்க சொன்ன வார்த்தை என் காதுல விழுந்துச்சு," என்றாள் அவள். வழித்த தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுவருஷம் படம் வெளியானது. அன்செல்ம் டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்தான். திரை நிறைய அவன் முகம் வந்தது. தோலின் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. உதடுகள் அசைந்தன. உற்றுப் பார்த்தான், அது எந்த வார்த்தை என்று அவனுக்கே தெரியவில்லை. உடனே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டை வந்தது: குற்றவாளி.

"பாவிப்பய," என்றாள் பக்கத்து இருக்கைக் கிழவி, திரையைப் பார்த்தபடி. "மூஞ்சியப் பாரு, கல்லு மாதிரி."

"ஆமாம்மா," என்றான் அன்செல்ம்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. படம் முடியும்வரை அவளருகிலேயே உட்கார்ந்திருந்தான்.