திறப்பு விழாவுக்காக மூடிய கடைகள்

நகராட்சி கட்டிவிட்ட ரிப்பன் ஷட்டரின் குறுக்கே பளபளவென்று மின்னியது. அதற்கு முன்னால், வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தையல்கார அம்மாள் ஒரு சிறுமிக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அளவு எடுக்கலாம், தைக்கத்தான் வழியில்லை. மெஷினும் சீருடைத் துணியும் ஷட்டருக்கு உள்ளே இருந்தன.

"என்னமா வளந்துட்டே! பழைய சட்டையில பட்டன் போட முடியுதா?"

"போட்டா மூச்சு முட்டுது ஆன்ட்டி."

சிறுமியின் அம்மா சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. நீங்க கடையை எப்பங்க திறப்பீங்க?"

"தலைவர் வந்து ரிப்பன் வெட்டினதும்."

"அவரு எப்ப வருவாரு?"

அதுதான் தையல்கார அம்மாளுக்கும் தெரியவில்லை.

நோய்க் காலத்தில் அந்தக் கடைத்தெரு மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. வீட்டில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்தே அவள் குடும்பத்தை ஓட்டினாள். ஒரு வழியாகக் கடைகளைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. அந்த வரிசைக் கடைகள் நகராட்சிக்குச் சொந்தமானவை. வியாபாரிகளுக்குக் கைகொடுக்கிறோம் என்று சொல்லி, மூடியிருந்த மாதங்களுக்கு வாடகைத் தள்ளுபடி அறிவித்தார்கள். அதைக் கேட்டபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. நகராட்சித் தலைவர் நேரில் வந்து ஒவ்வொரு கடையாக ரிப்பன் வெட்டித் திறந்துவைப்பார். அதற்கு முன்னால் திறப்பவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது. தலைவர் வருவதாகச் சொன்ன நாளில் அவருக்குக் கூட்டம். அடுத்து சொன்ன நாளில் வெளியூர்ப் பயணம். அதற்கடுத்த நாளில் தலைவர் ஊரில்தான் இருந்தார், புகைப்படக்காரர்தான் இல்லையாம்! மனிதர்கள் பிழைப்பில்லாமல் வாசலில் காத்துக் கிடக்க, ஒரு கேமராவுக்காகத் திறப்பு விழாவைத் தள்ளிப்போட்டவர்களை என்னவென்று சொல்வது? வெட்கம் என்பது கொஞ்சமாவது வேண்டாமா?

தெருக்கோடியில் இருந்த ரெடிமேட் கடை சொந்தக் கட்டடத்தில் நடந்தது. அதற்கு நகராட்சி எந்த உதவியும் செய்யவில்லை. அதனால் அது திறந்திருந்தது, கூட்டமும் அலைமோதியது. உதவி பெற்ற கடைக்காரர்களுக்கு உட்கார்ந்து ஈயோட்டக்கூடக் கதவு திறக்கவில்லை.

சிறுமியின் அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்க. எனக்கு வேற வழி தெரியல" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பள்ளி திறக்கும் நேரத்துத் தையல்தான் தையல்கார அம்மாளின் வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் சோறு போட்டது. காலையிலிருந்து இப்படித்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நகராட்சி மேற்பார்வையாளர் வந்து, தொங்கிப்போன ரிப்பனை இழுத்துக் கட்டினார்.

"தலைவர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கண்டிப்பா வர்றாரும்மா. நல்ல புடவையா கட்டிக்கிட்டு, சிரிச்ச முகமா நில்லுங்க."

"மறுநாள் காலையில பள்ளிக்கூடம் சார். பிள்ளைங்க எதைப் போட்டுக்கிட்டுப் போகும்?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? உதவி செய்றவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கைப்பையிலிருந்து துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். மேற்பார்வையாளர் இரண்டடி பின்னால் போனார். பக்கத்துக் கடையில் பூட்டுச் சாவி செய்யும் சாவிக்காரர் பதறி எழுந்தார்.

"அவசரப்படாதம்மா. தள்ளுபடி போயிடும்!"

"போகட்டும்ணே. வாடகையைக் கடன் வாங்கியாவது கட்டிடுவேன். அங்க போற ஜனங்களை யாருகிட்டண்ணே கடன் வாங்குறது?"

ரிப்பனருகே போனவள், கத்தரிக்கோலை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டாள். "பிளாஸ்டிக்கை வெட்டினா கூர் மழுங்கிடும். இது சோறு போடற கத்தரி" என்றபடி ரிப்பனைக் கையாலேயே பிடுங்கி எறிந்தாள். ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது.

"ஏம்மா, நில்லுங்க! நாளைக்கு வந்து சட்டையை வாங்கிக்குங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டாள். ரெடிமேட் கடைப் படியில் கால் வைத்த சிறுமி, அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சாவிக்காரர் மேற்பார்வையாளரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு தன் கடை ரிப்பனையும் அவிழ்த்துப்போட்டார். வரிசையில் இன்னும் சில ஷட்டர்கள் ஏறும் சத்தம் கேட்டது.

மேற்பார்வையாளருக்கு வியர்த்துவிட்டது. "தலைவர் கேட்டா நான் என்னம்மா பதில் சொல்றது?"

மெஷினில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"நான் சொன்னேன்னே சொல்லுங்க சார். விழுந்தவங்க எழுந்திரிச்சு வேலையைப் பாக்கணும், அதுக்குத்தான் உதவி. தூக்கிவிட்டவருக்குப் போட்டோ எடுக்கற வரைக்கும் தரையிலயே கிடன்னு சொன்னா, அது நோயை விடக் கொடுமை. எங்க கடையை மூட வச்சது நோய்னா புரியுது. மூடியே வச்சிருந்தது நீங்க. அதுவும் எங்க வரிப்பணத்துல வாங்கின ரிப்பனைக் கட்டி!"