ஒரே தூசி

சவப்பெட்டியின் முன் வலது மூலை தன்னுடையது என்பதுபோல அலன் மேடொக் வந்து நின்றார். மேற்கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரின் கையில் திணித்துவிட்டு, முழங்காலைச் சற்று மடக்கித் தோளைக் கொடுத்தார். அந்த மூலைக்கென்று யோகராஜா தன் மூத்த மகனை ஏற்கனவே நிறுத்தியிருந்தார். அவன் விலகுவதா நிற்பதா என்று தெரியாமல் தகப்பனைப் பார்த்தான்.

“விடு, பின்னுக்குப் போ,” என்றார் யோகராஜா. “அண்ணைக்கு வேலை குடுத்த குடும்பம். வேல்ஸில இருந்து வந்திருக்கினம்.”

பிரசாந்தினி பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இருந்தவர் அவளுடைய அப்பா சிவகடாட்சம். அவள் ஒரே பிள்ளை. கொள்ளி வைக்கும் உரிமையைச் சித்தப்பா யோகராஜாவுடன் இரண்டு நாள் வாதாடி வாங்கியிருந்தாள். அந்தக் களைப்பில் தோள் கொடுக்கும் விஷயத்தை விட்டுக்கொடுத்திருந்தாள். அந்தத் தோள் இந்த மனிதருடையதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மரணச் செய்தி கேட்டதுமே அலன் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மேடொக் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவரும் மேடொக் குடும்பத்தவர் ஒருவரின் தோள் இல்லாமல் கடைசிப் பயணம் போனதில்லையாம். தாத்தா காலத்திலிருந்தே அதுதான் வழக்கமாம். அது உண்மைதான். சிறுமியாக இருந்தபோது அப்படி மூன்று நான்கு செத்தவீடுகளை அவளே பார்த்திருக்கிறாள். அலனின் அப்பா, கிழவர் மேடொக், மழையில் தொப்பியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார். ஊரே அதைப் பார்த்து நெகிழும்.

தகனச்சாலை மண்டபம் நிறைந்திருந்தது. லண்டன் ஹரோவிலிருந்து வந்தவர்கள் முன்னுக்கும் மற்றவர்கள் சுவரோரமாகவும் நின்றார்கள். பெட்டியை மேடையில் வைத்ததும் வீடியோக்காரர் கமராவைத் தாங்கியில் பூட்டினார். யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் சொந்தக்காரர்கள் நேரலையில் காத்திருந்தார்கள். இறுதிச்சடங்குகளை நடத்தும் கிளறிற்றா, கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தமிழர்களுக்கென்று இந்தத் தொழிலை நடத்துபவள், ஒவ்வொருவரையும் கையால் மெல்லத் தள்ளி இடம் ஒழுங்குபண்ணினாள். “மைக் எல்லாம் சரி, அக்கா. பேசுறவை ஆளுக்கு அஞ்சு நிமிசம். எங்கட ஆக்களுக்கு அதையும் சொல்லித்தான் ஆகவேணும்,” என்று பிரசாந்தினியின் காதுக்குள் சொன்னாள்.

அம்மா சந்திரவதனா முதல் வரிசையில் வெள்ளைச் சேலையில் நேராக இருந்தாள். அழவில்லை. காலையில் வாய்க்கரிசி போடும்போதும் அழவில்லை.

எழுபதுகளில் சுரங்க அளவை படிக்கப் பிரித்தானியாவுக்கு வந்த சிவகடாட்சத்தை அரசாங்கச் சுரங்கங்கள் எதுவும் எடுக்கவில்லை. நேர்முகத்துக்குப் போனால் ஆளைக் கண்டதும் இடம் நிரம்பிவிடும். எடுத்தவர் கிழவர் மேடொக். அவருடையது மலைச்சரிவில் நடந்தே உள்ளே இறங்கிப் போகிற சின்னச் சுரங்கம். முப்பது பேருக்கு மேல் வேலைக்கில்லை. ஒவ்வொருவரின் பிள்ளைகளின் பெயரும் கிழவருக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு வான்கோழி, குளிருக்கு வீடு வீடாக ஒரு வண்டி நிலக்கரி. பெரிய வேலைநிறுத்தம் நடந்த வருடத்தில், மற்றச் சுரங்கத்துப் பட்டினிக் குடும்பங்களின் வாசல்களிலும் அவர் சத்தமில்லாமல் நிலக்கரி கொட்டிவிட்டுப் போனார். தொழிற்சங்கம் என்ற பேச்சை மட்டும் அவர் விரும்பியதில்லை. குடும்பத்துக்குள் சங்கம் எதற்கு என்பார். அப்பா அதை வீட்டுக்கு வந்து பெருமையாகத் திருப்பிச் சொல்வார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு திரும்பிப்போக ஊர் இல்லை என்றான மனிதருக்குக் குடும்பம் என்ற சொல் போதுமாக இருந்தது.

சின்னச் சுரங்கத்தில் அளவையாளருக்கென்று தனி மேசை கிடையாது. அளவு எடுக்க இறங்குகிறவர், ஆள் குறைந்தால் வெடி வைக்கவும் நிற்பார், கூரைக்கு முட்டுக்கொடுக்கவும் நிற்பார். அப்பா எல்லாவற்றுக்கும் நின்றார்.

மூச்சு வாங்கத் தொடங்கியது ஹரோவுக்குக் குடிவந்த பிறகு. நுரையீரல் முழுக்கத் தழும்பு, காரணம் தெரியவில்லை என்றார் மருத்துவர். நிலக்கரித் தூசி என்று எழுதுவதென்றால் சுரங்கத்திடமிருந்து ஒரு உறுதி வேண்டும். அப்பா அலனைக் கூப்பிட்டார். கிழவர் போய், சுரங்கமும் மூடி, அந்த இடத்தை அலன் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியகமாக்கியிருந்த காலம் அது. அலன் ஹரோ வீட்டுக்கே வந்தார். அடுக்களை மேசையில் அம்மாவின் ரோல்ஸைச் சாப்பிட்டார். ஒருவருக்கு ஓமென்றால் பத்துப் பேர் வருவார்கள், வழக்கறிஞர்கள் விடமாட்டார்கள் என்றார். ஆவணங்களின்படி சிவாவுக்கு அலுவலக வேலைதானே என்றார். அப்பா காசு கேட்கவில்லை. தன்னைக் கொல்லுகிறது எது என்று ஒரு கடதாசியில் எழுத வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். அலன் போன பிறகு பிரசாந்தினி கொதித்தாள். அப்பா ஒக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு, “அவையள் எங்கட ஆக்கள் பிள்ளை, விடு,” என்றார்.

விட்டாள். இறுதியிலும் விட்டாள். அதுதான் இப்போது நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது. அப்பா இறந்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் அழைத்து, சான்றிதழ் எழுதுமுன் சில கேள்விகள் கேட்டாள். தூசி, இரசாயனம் படும் வேலை ஏதும் செய்தாரா? ஓமென்றால் விஷயம் மரண விசாரணைக்குப் போகும், உடலை வெட்டிப் பார்ப்பார்கள், வாரக்கணக்கில் இழுக்கும் என்று கிளறிற்றா முன்பே சொல்லியிருந்தாள். பக்கத்தில் அம்மா நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், வெட்ட விடாதே என்று. “அலுவலக வேலை,” என்றாள் பிரசாந்தினி. அலனின் சொல், ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், அவள் வாயிலிருந்து வந்தது.

யோகராஜா பேசினார், கோயில் தலைவர் பேசினார். பிறகு அலன் மேடொக் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். கமராவின் சிவப்பு வெளிச்சம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. நல்ல பேச்சுக்காரர். காட்சியகத்தில் தினமும் பேசிப் பழகிய குரல்.

“எங்கள் சுரங்கத்தின் விழுமியம் என்னவென்று பார்வையாளர்கள் கேட்பார்கள்,” என்றார். “நான் சிவாவைப் பற்றிச் சொல்வேன். முதலாளி மேலே, தொழிலாளி கீழே என்று எங்களிடம் இருந்ததில்லை. என் அப்பாவும் சிவாவும் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இறங்கினார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் இரண்டு பேரும் ஒரே நிறம்.”

சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

“கீழே நாங்கள் எல்லோரும் ஒரே தூசியைத்தான் சுவாசித்தோம். அந்தத் தூசிதான் என் அப்பாவைக் கொண்டுபோனது. அவர் பெயருக்குக் கீழே அதைக் கல்லில் பொறித்திருக்கிறோம். இனிச் சிவாவின் படமும் அதே சுவரில் இருக்கும்.”

யாரோ கைதட்டத் தொடங்கி, செத்தவீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள். அலன் கண்ணைத் துடைத்தார். நடிப்பு இல்லை, உண்மையாகவே துடைத்தார். பிரசாந்தினியால் தாங்கமுடியாதது அதுதான். முதலாளியின் நெஞ்சில் தங்கிய தூசி கல்வெட்டாகிவிட்டது. அப்பாவின் நெஞ்சில் தங்கியது காரணம் தெரியாத நோய். இரண்டையும் சொன்னது ஒரே வாய். சொல்லும்போது அந்த வாய் தடுமாறவும் இல்லை.

ஐயர் எழும்பச் சொன்னார். திரை மூடியது. நெருங்கியவர்கள் மட்டும் பின்னறைக்குப் போனார்கள். எரியூட்டியின் இரும்புக் கதவுக்கு முன்னால் உருளைகளின் மேல் பெட்டி இருந்தது. சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். லண்டனில் கொள்ளி என்பது அந்தப் பொத்தான்தான். யோகராஜா வந்தார், அலனும் கடைசிவரை நிற்பது தங்கள் வழக்கம் என்று வந்தார். அம்மாவை முன்னறையில் இருக்கச் சொல்லியும் கேளாமல் அவளும் வந்து கதவோரம் நின்றாள்.

“சிவசிவா எண்டு சொல்லி அமத்துங்கோ பிள்ளை,” என்றார் ஐயர்.

பிரசாந்தினி கையைத் தூக்கினாள். பொத்தான் அவள் நினைத்ததைவிடச் சின்னது. இதை அமத்திவிட்டால் அந்தத் தழும்புகள் இரண்டு மணித்தியாலத்தில் சாம்பல். பிறகு அலுவலக வேலை என்பதை இந்த உலகத்தில் ஒருவராலும் பொய் என்று காட்டமுடியாது.

கையை இறக்கினாள். பின்னால் நின்ற கிளறிற்றாவிடம் திரும்பி, இதை நிற்பாட்ட ஏலுமா என்று கேட்டாள்.

கிளறிற்றா அவளை ஒருகணம் பார்த்தாள். “விண்ணப்பத்தில கையெழுத்து வைச்சது நீங்கள், அக்கா. நீங்கள் வேண்டாமெண்டால் ஒருத்தராலும் எரிக்க ஏலாது. ஆனால் இப்பவே சொல்லவேணும்.”

“என்ன விசர்க் கதை இது?” யோகராஜாவின் குரல் இரும்புக் கதவில் பட்டுத் திரும்பியது. ஹோலில் இருநூறு பேருக்குச் சாப்பாடு, ஐயருக்கு அடுத்த இடத்தில் கிருத்தியம், ஊரே நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அடுக்கினார். “அண்ணையை வெட்டிக் கிழிக்கக் குடுக்கப்போறியோ? இவ்வளவு நாள் இருந்த மரியாதையும் போகும்.”

அலனுக்குத் தமிழ் விளங்கவில்லை. ஏதாவது உதவி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“தூசியைப் பற்றி நீங்கள் சொன்னது,” என்றாள் பிரசாந்தினி, அவருடைய மொழியிலேயே. “மரண விசாரணை அதிகாரிக்கு முன்னாலும் சொல்வீர்களா?”

அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் கழுத்து சிவந்தது. “அது பேச்சுக்குச் சொன்னது, பிரசாந்தினி. செத்தவீட்டில் சொல்வது. உனக்குத் தெரியும்.”

“பதிவாகியிருக்கிறது,” என்றாள்.

யோகராஜா அண்ணியிடம் திரும்பினார். நீங்களாவது சொல்லுங்கோ, வெட்டவேண்டாமெண்டு அழுதது நீங்கள்தானே என்றார். எல்லோரும் சந்திரவதனாவைப் பார்த்தார்கள். பிரசாந்தினிக்குத் தெரியும், அம்மா மாட்டேன் என்றால் தன்னால் மீறமுடியாது. அப்பாவை இரண்டாம் தடவை அம்மாவிடமிருந்து பறிக்க அவளுக்கு மனம் வராது.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். மாலையிலிருந்து கழன்று தொங்கிய பூவொன்றை எடுத்து மூடியின் மேல் வைத்தாள். அலனைப் பார்த்தாள், ஆனால் பேசியது தமிழில்.

“அங்க சுரங்கத்தில குளிக்கிற இடம் இருக்கேல்லை. அப்பிடியே வீட்டை வருவார். பின்வளவில உடுப்பை ரெண்டு தண்ணியில அலசி, பிறகுதான் மெசினுக்குள்ள போடுவன். வடியிற தண்ணி கறுப்பா ஓடும்.” மூச்செடுத்தாள். “ஒபிஸ் உடுப்பையே நான் உப்பிடித் தோய்ச்சனான், யோகன்?”

யோகராஜா பெட்டியிலிருந்து ஓரடி விலகி நின்றார்.

“வெட்டிப் பாக்கட்டும்,” என்றாள் அம்மா. “பாக்கத்தான் வேணும்.”

அலன் மொழிபெயர்ப்புக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை. கிளறிற்றா தகனச்சாலை முகாமையாளரைத் தேடி ஏற்கனவே போயிருந்தாள்.

வெளியே தூறல். அந்தத் தகனச்சாலையில் வண்டிகள் ஒரு வாசலால் வந்து மறுவாசலால் வெறுமையாகப் போகும்படிதான் பாதை போட்டிருந்தார்கள். பெட்டியோடு வெளியேற ஏற்பாடு இல்லை. அடுத்த குடும்பத்தின் வண்டி முகப்பில் வந்து நின்றது, அதன் பின்னால் இன்னும் மூன்று கார்கள். கிளறிற்றா குடையில்லாமல் ஓடிப்போய் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி மன்னிப்புக் கேட்டாள். பெட்டியைத் திரும்ப ஏற்றிய வண்டியில் சந்திரவதனா சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி, இருக்கைப் பட்டியைத் தானே இழுத்துப் பூட்டிக்கொண்டாள். பிரசாந்தினி பின்னால், பெட்டியோடு இருந்தாள். கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்ந்து, புல்தரையில் ஒரு சக்கரத்தை ஏற்றி, அவர்களுக்கு வழிவிட்டன.