கொல்லையில் எடுத்த படம்

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழையில், மணலிக்கு அப்பால் பூவம்மாவின் கீரைக்கொல்லை மொத்தமும் அழுகிப்போனது. நிலம், காலடிப்பேட்டையில் மரக்கடை வைத்திருந்த தணிகாசலத்துடையது. பதினொரு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்தவள் அவள்தான்.

விவசாயிகளுக்கு அரசு நிவாரணம் தருகிறது என்று அதிகாரி ஒருவர் கேமராவோடு வந்தார். கூடவே தணிகாசலமும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கியவர், "அந்த மம்புட்டிய இப்டி குடு பூவம்மா. படத்துல கையில இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

பூவம்மா மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மொதலாளி, இந்தக் கொல்லையில ஒரு நாளாவது குனிஞ்சிகீறியா? அழுவிப்போனது என் கீரை. துட்டு மட்டும் உனக்கா?"

"பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தாம்மா. கொஞ்சம் நகரு" என்றார் அதிகாரி.

அவள் நகரவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி தணிகாசலத்துக்கு முன்னால் போய் நின்றாள். "இப்ப எடு சார்!"

கெஞ்சிப் பார்த்த அதிகாரி, கடைசியில் அப்படியே படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஆனாலும் செக் தணிகாசலம் பெயருக்கே வந்தது. அதைக் கேட்ட அன்றே பூவம்மா மரக்கடை வாசலுக்குப் போய், தெருவே கூடி நிற்க அவரைத் திட்டித் தீர்த்தாள். அடுத்த மாதம் குத்தகை வேறொருவருக்குப் போனது.