காதில் கேட்ட கடைசி வார்த்தை

விமானப்படையில் பதினாறு வருஷம் பறந்து, நாற்பத்திரண்டு சாகசக் கதைகளை எழுதித் தள்ளியவர் கேப்டன். கதைகளில் எரிகிற விமானத்தை ஒற்றைக் கையால் இறக்குவார். இப்போதோ மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அண்ணியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

உறவு முறைக்கு அண்ணி இல்லை. விமானத்தின் பின்சீட்டில் வரைபடத்தோடு உட்கார்ந்து இவருக்கு வழி சொன்ன நண்பரின் மனைவி; படையில் அவருக்குப் பட்டப்பெயர் 'பென்சில்'. போரில் விமானம் அடிபட்டபோது இவர் எப்படியோ தரையிறக்கித் தப்பித்தார், பென்சில் பிழைக்கவில்லை. "வீட்டை விட்டுடாதேன்னு அவகிட்ட சொல்லு" என்று அவர் கடைசியாகச் சொன்னதாக இவர்தான் அண்ணியிடம் போய்ச் சொன்னார்.

அண்ணி ஒரு பழைய பத்திரிகையை மேசைமேல் வைத்தார். படைமுகாமில் அச்சடித்தது. அதில் கேப்டனின் முதல் கதை. சாகப்போகிற நண்பன் அதே வார்த்தைகளை அச்சு அசலாகச் சொல்கிறான். தேதியைப் பார்த்தால் பென்சில் இறப்பதற்கு மூன்று மாதம் முந்தையது.

"பரண்ல கிடந்துச்சு. பையன் வீட்டை வித்துடலாம்கிறான், நாளைக்குக் கையெழுத்து. அவர் நிஜமாவே சொன்னாரா தம்பி? சொன்னார்னா நான் போட மாட்டேன்."

மூச்சு இரைக்க இரைக்க நண்பரின் அந்தக் குரல் இன்னும் கேப்டனின் காதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை முதலில் படித்ததே பென்சில்தான். எந்தக் கதையைக் கொடுத்தாலும் அதில் விமானத்தின் பெட்ரோல் கணக்கைத் திருத்தி, 'உன் ஹீரோ கடல்லதான்டா விழுவான்' என்று ஓரத்தில் எழுதித் தருகிற ஆள். போகிற நேரத்திலும் அந்த வரியைச் சொல்லிக் கிண்டலடித்தாரா? மனசாரச் சொன்னாரா? இல்லை, ஒன்றுமே சொல்லாமல் போய்விட, அண்ணி முன்னால் வெறுங்கையோடு நிற்கப் பயந்து இவரே வசனம் எழுதிக் கொடுத்தாரா? யோசிக்க யோசிக்க மூன்றுமே நடந்த மாதிரி இருந்தது.

"சொன்னார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியல அண்ணி. சத்தியமா தெரியல."

அண்ணி பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தார். கோபமே இல்லாமல் கேட்டார்:

"அப்போ முப்பது வருஷமா அந்த ஒழுகுற கூரைக்குக் கீழே நான் யார் பேச்சைக் கேட்டு உக்காந்திருந்தேன்? அவர் பேச்சையா, உங்க கதையையா?"