ஒரே வீட்டில் இரண்டு புட்டி

டாக்டர் சாந்தா புட்டிகளை வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஒன்பதாம் எண் புட்டியில் பன்னிரண்டாம் எண் மூடி இருந்தது.

“யார் மாத்துனது?”

ரஞ்சன்குடி பள்ளிக்கூட வாசலில் நகச்சொத்தை மருந்துச் சோதனைக்கு வந்திருந்த சனம் நெருங்கி வந்தது. பெரிய வீட்டுச் செல்லப்பனின் மருமகள்கள் பொன்னாயியும் வேம்புவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; அந்த இரண்டு எண்களும் அவர்களுடையவை. சேற்றிலேயே நின்று வேலை பார்த்து இருவருக்கும் கால் நகம் மஞ்சளாகத் தடித்துப் பொடிந்திருந்தது.

ஒரு புட்டியில் மருந்து, மற்றதில் வெறும் பூச்சு. எது எதுவென்று டாக்டருக்கே தெரியாது. அவரவர் புட்டியில் இருப்பதை அவரவர்தான் தடவ வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். தன் வீட்டுப் பெண்களுக்காக அதற்கு வாக்குக் கொடுத்தவர் செல்லப்பன்.

“நாங்க மாத்தலீங்க,” என்றாள் பொன்னாயி.

“பொய் சொல்லாதம்மா. உங்களால மொத்தச் சோதனையும் கெட்டுப்போவும். ரெண்டு பேரையும் நீக்கிடுறேன்.”

கூட்டத்தில் அம்மாக்கண்ணு சிரித்தாள். “பெரிய வூட்டு மருமவளுங்க லட்சணத்தப் பாருங்கடி!”

வேம்புவுக்குக் கண் கலங்கியது. செல்லப்பனுக்குக் காது மடல் சுட்டது. அவர் வீட்டுப் பெண்களை இதுவரை யாரும் பொய்க்காரி என்றதில்லை. வாய் திறந்தால் வாக்குத் தவறியவர் அவர். திறக்காவிட்டால் பழி அந்தப் பெண்கள் தலையில்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே வந்தார்.

“கலக்குனது நான். அவங்களுக்குத் தெரியாது.”

“வாக்குக் கொடுத்தீங்களே, பெரியவரே?”

“குடுத்தேன். தவறிட்டேன். ஒரே உலையில திங்கிறவங்கள்ல ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்குத் தண்ணின்னா நாளைக்கு அடுப்பு ரெண்டாயிடும். ரெண்டையும் கிண்ணத்துல ஊத்திக் கலந்து சரிபாதியா வச்சேன். மூடி அப்ப மாறியிருக்கும்.”

டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். “வேற யார் வூட்டுல கலந்தீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. அம்மாக்கண்ணு தன் கால் விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்தது. இன்னொன்றும்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஒரே வூட்டுக்கு ரெண்டு விதமா குடுத்தது என் தப்பு. திரும்பத்தான் ஆரம்பிக்கணும். இனிமே வூட்டுக்கு ஒரே மருந்து. உங்க வூடு முழுக்க வெறும் பூச்சாவும் இருக்கலாம். சம்மதமா?”

செல்லப்பன் இம்முறை தானே வாக்குக் கொடுத்துவிடவில்லை. மருமகள்களைத் திரும்பிப் பார்த்தார்.

“எதுவானாலும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே மாமா? வாங்கிக்கிறோம்,” என்றாள் பொன்னாயி.

“இரும்மா. டாக்டரம்மா பொய்னு சொன்ன வார்த்தை இன்னும் அப்படியே நிக்கிது,” என்றார் செல்லப்பன்.

டாக்டர் எழுந்தார்.

“பொன்னாயி, நீ பொய் சொல்லல. நான் சொன்னதுதான் தப்பு.”

அம்மாக்கண்ணு பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, செல்லப்பன் விலகி, புட்டி வாங்க மருமகள்களுக்கு வழிவிட்டார்.